தனியாக வாழ ஏற்ற பேட்டை எது? மூத்தோருக்கான வழிகாட்டி

பிள்ளைகள் திருமணமாகித் தனிக்குடித்தனம் போன பிறகு, ஐந்தறை வீடு பெரிதாகத் தெரியத் தொடங்கும். துணைவர் காலமான பிறகு அதே வீட்டைக் கூட்டிப் பெருக்குவதே சுமையாகிவிடும். "சின்ன வீட்டுக்கு மாறிவிடலாமா?" என்ற எண்ணம் அப்போதுதான் வருகிறது.

வீடு மாற நினைக்கும்போது விலை என்ன, எத்தனையாவது மாடி, வெயில் படுமா, காற்று வருமா என்று விசாரிப்போம். இவை தேவையான கேள்விகள்தாம். ஆனால், தனியாக வாழப் போகும் ஒருவர் வீட்டுக்கு வெளியே இருப்பதையும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டும். வீட்டில் இன்னொருவர் இருந்தால், உங்களுக்குக் காய்ச்சல் வந்த நாளில் அவர் போய் மருந்து வாங்கி வருவார். நீங்கள் குளியலறையில் விழுந்தால் சத்தம் கேட்டு ஓடி வருவார். தனியாக இருக்கும்போது அந்த வேலையைப் பேட்டைதான் செய்ய வேண்டும்.

ஆகவே, ஒரு பேட்டையைப் பார்க்கப் போகும்போது மூன்று கேள்விகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. அன்றாடம் வேண்டியவற்றுக்கு நடந்தே போக முடியுமா?
2. விழாமல், பயமில்லாமல் போய்வர முடியுமா?
3. ஒரு நாள் நான் வெளியே வராவிட்டால், அது யாருக்காவது தெரியுமா?

மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. தனியாக வாழ்பவருக்கு அதுதான் மிக முக்கியமானது.

முதலில்: மாறத்தான் வேண்டுமா?

வீடு மாறும் முன் ஒரு தாளை எடுத்து, இப்போதைய பேட்டையில் உங்களைப் பெயர் சொல்லி அழைப்பவர்கள் எத்தனை பேர் என்று எழுதிப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர், காப்பிக் கடைக்காரர், சந்தையில் மீன் விற்பவர், கிளினிக் தாதி, கீழ்த்தளத்தில் உட்கார்ந்து பேசும் நண்பர்கள் என எல்லாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியல் உங்கள் சொத்து. புதிய இடத்தில் அது மறுபடி வளரப் பல மாதங்கள் ஆகும்.

சிரமம் வீட்டுக்குள்தான் என்றால், வீட்டைத் திருத்துவதே போதுமானதாக இருக்கலாம். குளியலறைத் தரை வழுக்குகிறது, கழிவறையில் பிடித்துக்கொள்ள ஏதும் இல்லை, வாசலில் படி தடுக்குகிறது என்பவை இப்படிப்பட்டவை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 'ஈஸ்' என்ற திட்டத்தின்வழி கைப்பிடிக் கம்பிகள், வழுக்காத் தரைப்பூச்சு, சாய்தளம் போன்றவற்றை அமைத்துத் தருகிறது. வீவக வீட்டில் 65 வயதை எட்டிய சிங்கப்பூரர் இருந்தால் விண்ணப்பிக்கலாம். அன்றாட வேலைகளுக்கு உதவி தேவைப்படுவோர் 60 வயதிலிருந்தே விண்ணப்பிக்கலாம். செலவின் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்றுக்கொள்கிறது.

சிரமம் வீட்டுக்கு வெளியே என்றால், மாறுவதைப் பற்றி யோசிக்க நியாயம் இருக்கிறது. உங்கள் மாடியில் மின்தூக்கி நிற்பதில்லை, சந்தைக்குப் போக மேடேற வேண்டியிருக்கிறது, பழகிய அண்டை வீட்டார் எல்லாரும் போய்விட்டார்கள் என்பவை அத்தகைய காரணங்கள்.

கேள்வி 1: நடந்தே போக முடியுமா?

ஒரு சாதாரண வாரத்தில் நீங்கள் போகும் இடங்களை இரண்டாகப் பிரியுங்கள். சந்தை, உணவங்காடி நிலையம், மளிகைக் கடை, காலையில் நடக்கும் பூங்கா, பேசிப் பழகும் இடம் ஆகியவை அன்றாடம் போகும் இடங்கள். கோயில், தேவாலயம், பள்ளிவாசல், மருத்துவமனைச் சந்திப்பு, பிள்ளைகள் வீடு ஆகியவை எப்போதாவது போகும் இடங்கள்.

அன்றாடம் போகும் இடங்கள் நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். எப்போதாவது போகும் இடங்களுக்கு, மாறி ஏற வேண்டாத ஒரே பேருந்தோ ரயிலோ இருந்தால் போதும்.

நடக்கும் தூரம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். 400 மீட்டர் தூரத்தை நிதானமாக நடக்கும் மூத்தவர் ஒருவர் ஏறக்குறைய 8 முதல் 10 நிமிடத்தில் கடப்பார். திரும்பி வரும்போது கையில் காய்கறிப் பை இருக்கும், வெயிலும் ஏறியிருக்கும். அந்த நிலையில் உங்களால் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்பதே சரியான அளவு.

இது வசதியைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. சந்தைக்கு ஒரு நடை, மாலையில் பூங்காவுக்கு ஒரு நடை எனச் சற்று வேகமாக நடந்தாலே அதில் பெரும்பகுதி நிறைவேறிவிடும். எல்லாமே தொலைவில் இருந்தால், மெல்ல மெல்ல வெளியே போவதே குறையும். கால் தசை தளரும், நடை தடுமாறும், பிறகு வெளியே போகப் பயம் வரும்.

மருத்துவ வசதியையும் இதே கண்ணோடு பாருங்கள். பக்கத்தில் இருக்கும் கிளினிக்கில் இரண்டு விவரங்களைக் கேளுங்கள். அது சாஸ் திட்டத்தில் இருக்கிறதா? ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் இருக்கிறதா? 1949ஆம் ஆண்டு அல்லது அதற்கு முன் பிறந்த முன்னோடித் தலைமுறையினருக்கும், 1950 முதல் 1959 வரை பிறந்த மெர்டேக்கா தலைமுறையினருக்கும் சாஸ் கிளினிக்குகளில் சிறப்புக் கட்டணக் கழிவு உண்டு. நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம் போன்ற நீண்டகால நோய் உள்ளவர்கள், பலதுறை மருந்தகம் எவ்வளவு தூரம் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி 2: விழாமல் போய்வர முடியுமா?

65 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. வீட்டுக்குள் விழுவதைப் பற்றி நாம் அதிகம் பேசுகிறோம். வீட்டு வாசலிலிருந்து சந்தை வரையுள்ள வழியையும் பார்க்க வேண்டும்.

மின்தூக்கி: உங்கள் மாடியிலேயே நிற்கிறதா? பழைய புளோக்குகள் சிலவற்றில் சில மாடிகளில் மட்டுமே நிற்கும். "ஒரு மாடிதானே, ஏறிவிடலாம்" என்று இன்று தோன்றலாம். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்த ஒரு மாடியே உங்களை வீட்டுக்குள் அடைத்துவிடும்.

கூரை வேய்ந்த நடைபாதை: மழை நாளில் நனைந்த தரை வழுக்கும். ஒரு கையில் குடையும் மறு கையில் பையும் இருந்தால் பிடித்துக்கொள்ளக் கை இருக்காது. எம்ஆர்டி நிலையங்களைச் சுற்றி 400 மீட்டர் வரை, பள்ளிகள், மருத்துவ வசதிகள் போன்ற இடங்களுக்குக் கூரையுள்ள நடைபாதைகள் அமைக்கப்பட்டுள்ளன. உங்கள் புளோக்கிலிருந்து அந்தப் பாதை தொடர்ந்து செல்கிறதா, நடுவில் விட்டுப்போகிறதா என்று பாருங்கள்.

சாலை கடக்கும் இடம்: பச்சை விளக்கு அணைவதற்குள் உங்களால் கடக்க முடிகிறதா? 2009ஆம் ஆண்டு முதல் அமைக்கப்பட்டுவரும் 'கிரீன் மேன் பிளஸ்' வசதியுள்ள இடங்களில், மூத்தோர் சலுகை அட்டையைக் கம்பத்தில் தட்டினால் 3 முதல் 13 வினாடிகள் வரை கூடுதல் நேரம் கிடைக்கும். மூத்தோர் அதிகம் வாழும் பேட்டைகள் சிலவற்றில் 2014ஆம் ஆண்டு முதல் 'சில்வர் ஸோன்' என்ற வட்டாரங்கள் அமைக்கப்பட்டு வருகின்றன. அங்கு வாகனங்கள் மெதுவாகச் செல்ல வேண்டும். சாலையின் நடுவில் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, மீதிப் பாதியைக் கடக்கவும் இடம் இருக்கும்.

உட்காரும் இடம்: சந்தைக்குப் போகும் வழியில் நிழலில் ஓர் இருக்கையாவது உண்டா? இது சிறிய விஷயமாகத் தோன்றும். மூட்டுவலி உள்ளவருக்கு அந்த இருக்கை இருந்தால்தான் அடுத்த 200 மீட்டரை நடக்க முடியும்.

இரவு வெளிச்சம்: இரவு 8 மணிக்குப் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடந்து பாருங்கள். வழியில் வெளிச்சம் போதுமா, ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்று கவனியுங்கள். அக்கம்பக்கக் காவல் நிலையம் எங்கே என்றும் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி 3: நான் வெளியே வராவிட்டால் யாருக்காவது தெரியுமா?

தனியாக வாழும் 72 வயது மாது ஒருவரை எண்ணிப் பாருங்கள். காலை 6 மணிக்குக் குளியலறையில் வழுக்கி விழுகிறார். இடுப்பு எலும்பு முறிந்து எழ முடியவில்லை. கைப்பேசி படுக்கையறையில் இருக்கிறது. அவரை யாரும் தேடாவிட்டால் மறுநாள் வரை தரையிலேயே கிடக்க நேரிடும். நெடுநேரம் அப்படிக் கிடந்தால் உடலில் நீர் வற்றும். அழுந்திய தசைகள் சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படும். நுரையீரல் தொற்றும் ஏற்படலாம். எலும்பு முறிவைவிட இவை அதிக ஆபத்தாக முடிவதுண்டு.

பக்கவாதத்திலும் நேரம்தான் உயிர். ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய 4½ மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். முகம் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சு குழறுவது ஆகியவை அறிகுறிகள். இவற்றை வேறொருவர் பார்த்து 995 எண்ணை அழைத்தால்தான் பலருக்கு அந்த நேரத்துக்குள் சிகிச்சை கிடைக்கும்.

ஆகவே, வீடு பார்க்கப் போகும்போது ஆட்களையும் பாருங்கள்.

தாழ்வாரத்தில் செருப்பும் செடித்தொட்டியும் இருக்கின்றனவா? பகலில் கதவு திறந்திருக்கும் வீடுகள் எத்தனை? எல்லாக் கதவும் மூடியிருந்தால், பகல் முழுதும் எல்லாரும் வேலைக்குப் போய்விடும் மாடியாக அது இருக்கலாம்.

அடுத்து, துடிப்பாக மூப்படையும் நிலையம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். 60 வயதைக் கடந்தவர்கள் அங்கு செல்லலாம். உடற்பயிற்சி, சமையல், கைவேலை, விளையாட்டு என நடவடிக்கைகள் நடக்கும். தனியாக வாழ்பவர்களைத் தொடர்ந்து அழைத்து நலம் விசாரிப்பதும், வீட்டுக்கு வந்து பார்ப்பதும், வேண்டிய பராமரிப்புச் சேவையோடு இணைத்துவிடுவதும் அந்த நிலையத்தின் பணிகள். வீடு வாங்குவதற்கு முன்பே அங்கு ஒரு காலைப் பொழுது போய் உட்கார்ந்து பாருங்கள். தமிழ் பேசும் ஊழியரோ தொண்டூழியரோ உண்டா என்று தயங்காமல் கேளுங்கள்.

மூன்று முறை போய்ப் பாருங்கள்

ஒரே ஒரு முறை, அதுவும் பிள்ளையின் காரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டாம். மூன்று வெவ்வேறு நேரங்களில், பேருந்திலோ ரயிலிலோ போய்ப் பாருங்கள்.

வாரநாள் காலையில்: புளோக்கிலிருந்து சந்தைக்கு நடந்து, இரண்டு கிலோ பொருள் வாங்கித் திரும்பி நடங்கள். எத்தனை நிமிடம் ஆனது, எங்கே மூச்சு வாங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மழை நாளில்: எங்கே நனைந்தீர்கள்? எங்கே தண்ணீர் தேங்கியிருந்தது?

இரவு 8 மணிக்கு: வழி வெளிச்சமாக இருந்ததா? தனியாக நடக்க மனம் துணிந்ததா?

இந்தக் குறிப்புகளைப் பிள்ளைகளிடம் காட்டிப் பேசுங்கள். "அங்கே எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்வதைவிட, "அந்தச் சாலையை என்னால் பச்சை விளக்குக்குள் கடக்க முடியவில்லை" என்று சொன்னால் அவர்களுக்கு நிலைமை உடனே புரியும்.

எந்த வகை வீடு?

ஈரறை ஃபிளெக்ஸி வீடு: 55 வயதைக் கடந்தவர்கள் இதைக் குறுகிய குத்தகையில் வாங்கலாம். குத்தகை 15 முதல் 45 ஆண்டுகள் வரை, ஐந்தைந்து ஆண்டுகளாகக் கூடும். வாங்குபவருக்கும் அவருடைய துணைவருக்கும் குறைந்தது 95 வயது வரை அது நீடிக்க வேண்டும். குறுகிய குத்தகை வீட்டைப் பிறகு பொதுச் சந்தையில் விற்க முடியாது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

சமூகப் பராமரிப்பு அடுக்குமாடி வீடு: இது 65 வயதைக் கடந்தவர்களுக்கானது. முதல் திட்டம் 2021ஆம் ஆண்டு புக்கிட் பாத்தோக்கில் விற்பனைக்கு வந்தது. வீட்டோடு ஓர் அடிப்படைச் சேவைத் தொகுப்பையும் எடுத்துக்கொள்ள வேண்டும். 24 மணி நேர அவசர உதவிக் கண்காணிப்பு அதில் அடங்கும். அதற்கான கட்டணத்தையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுவிற்பனை வீடு: உங்களுக்குப் பிடித்த பேட்டையிலேயே தேட இது வழிவிடும். 1989ஆம் ஆண்டு முதல் நடப்பிலுள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்துக்கும் வரம்பு உண்டு. ஆகவே, முன்பணம் கொடுக்கும் முன் அந்த புளோக்கில் இந்தியர் வாங்க இடம் இருக்கிறதா என்று வீவகவிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வசதிகள் எல்லாம் ஓரிடத்தில் அமைந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினால், உட்லண்ட்ஸில் உள்ள கம்போங் அட்மிரல்ட்டிக்கு ஒரு முறை போய் வாருங்கள். மூத்தோர் வீடுகள், உணவங்காடி நிலையம், மருத்துவ நிலையம், பாலர் பராமரிப்பு நிலையம், மாடித் தோட்டம் ஆகியவை அங்கே ஒரே வளாகத்தில் உள்ளன. பக்கத்திலேயே எம்ஆர்டி நிலையம். அதைப் பார்த்த பிறகு மற்றப் பேட்டைகளில் என்ன குறைகிறது என்பது எளிதாகத் தெரியும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகள் வீட்டுக்குப் பக்கத்தில் போவது நல்லதா, பழகிய பேட்டையிலேயே இருப்பது நல்லதா?

வாரநாள் காலை 11 மணிக்கு உங்களுக்கு உதவி தேவைப்பட்டால் யார் வருவார் என்று யோசித்துப் பாருங்கள். மகளும் மருமகனும் வேலையில் இருப்பார்கள். பேரப்பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். மகள் வீட்டருகே போனாலும், அந்த நேரத்துக்கு அண்டை வீட்டாரும் நிலையமும் வேண்டும். இரண்டும் அமைந்தால் தாராளமாகப் போங்கள். பெற்றோரும் பிள்ளைகளும் 4 கிலோமீட்டருக்குள் வாழ்வதற்காக மறுவிற்பனை வீடு வாங்குவோருக்கு வீவக மானியம் வழங்குகிறது. ஆனால், 4 கிலோமீட்டர் நடக்கும் தூரமில்லை என்பதை மறவாதீர்கள்.

தேக்கா சந்தையும் கோயிலும் பக்கத்தில் இருந்தால்தான் எனக்குச் சரிவரும். தொலைவான பேட்டை ஒத்துவருமா?

தேக்காவுக்கு எத்தனை நாளுக்கு ஒரு முறை போகிறீர்கள் என்று பாருங்கள். வாரம் ஒரு முறை என்றால், லிட்டில் இந்தியா நிலையம் அமைந்துள்ள வடகிழக்கு ரயில் பாதையிலோ டௌன்டவுன் பாதையிலோ ஒரு பேட்டையைத் தேடலாம். மாறி ஏற வேண்டியிருக்காது. தினமும் கோயிலுக்குப் போவது உங்கள் வழக்கம் என்றால், கோயிலை அன்றாடம் போகும் இடங்களில் சேர்த்துக்கொண்டு அதன் அருகில் தேடுங்கள். மனத்துக்கு நிம்மதி தரும் வழக்கத்தை வீட்டுக்காக விட வேண்டியதில்லை.

தினமும் யாராவது அழைத்து நலம் கேட்டால், எனக்கு முடியாமல் போய்விட்டது போல் இருக்கிறதே?

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடாக அதை மாற்றுங்கள். தனியாக வாழும் இன்னொரு நண்பருடன் பேசி வைத்துக்கொள்ளுங்கள். காலை 9 மணிக்குள் இருவரும் வணக்கம் சொல்லிக்கொள்ள வேண்டும். ஒருவரிடமிருந்து செய்தி வராவிட்டால் மற்றவர் அழைக்க வேண்டும். பதில் இல்லையென்றால் பக்கத்து வீட்டாரையோ பிள்ளைகளையோ கூப்பிட வேண்டும். அவருக்கு நீங்கள் காவல். உங்களுக்கு அவர் காவல்.

தனியாக இருப்பது தெரிந்தால் ஏமாற்றுக்காரர்கள் வரமாட்டார்களா?

முன்பின் தெரியாதவரிடம் தனியாக இருப்பதாகச் சொல்ல வேண்டாம். இரும்புக் கதவைப் பூட்டியபடியே பேசுங்கள். அரசாங்க அதிகாரிகள் தொலைபேசியில் பணம் மாற்றச் சொல்லமாட்டார்கள். சந்தேகம் வந்தால் 1799 எண்ணை அழைத்துக் கேளுங்கள். அதே சமயம், நம்பகமான அண்டை வீட்டார் ஒருவருக்காவது நீங்கள் தனியாக இருப்பது தெரிந்திருக்க வேண்டும்.

மாறிய முதல் மாதத்தில் செய்ய வேண்டியவை

• இரு பக்கத்து வீட்டாருக்கும் உங்களை அறிமுகம் செய்துகொள்ளுங்கள். பலகாரம் ஒரு தட்டில் கொண்டுபோனால் பேச்சு தானாகத் தொடங்கும்.
• துடிப்பாக மூப்படையும் நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.
• புதிய கிளினிக்குக்கு உடல்நலத்தோடு இருக்கும்போதே ஒரு முறை செல்லுங்கள். நீங்கள் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலைக் கொண்டுபோங்கள்.
• புளோக் எண், வீட்டு எண், ஆறு இலக்க அஞ்சல் குறியீடு ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி வாசல் பக்கம் ஒட்டுங்கள். பதற்றத்தில் புதிய முகவரி நினைவுக்கு வராது.
• மாற்றுச் சாவி ஒன்றை நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.
• குளியலறைக்குப் போகும்போதும் கைப்பேசியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.
• பழைய பேட்டை நண்பர்களைச் சந்திக்க மாதம் ஒரு நாளை ஒதுக்குங்கள்.

நினைவில் வைக்க வேண்டிய எண்கள்

ஆம்புலன்ஸ், தீயணைப்பு: 995
காவல்துறை: 999
அவசரமில்லாத ஆம்புலன்ஸ்: 1777
மோசடி பற்றிய உதவி: 1799
பராமரிப்புச் சேவைகள், துடிப்பாக மூப்படையும் நிலையங்கள் பற்றி அறிய, ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு: 1800-650-6060

இந்தப் பக்கத்தை வெட்டியெடுத்துக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். உங்கள் புளோக்கில் தனியாக வாழும் இன்னொருவர் இருந்தால், அவரிடமும் இதைக் காட்டிப் பேசுங்கள்.